எண்ணணும், தலைவரம்மா

ஹார்லோ ஊர்க்காரர்களை வாய் திறக்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பெட்ரோல் போடும் இடத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். "குளிருது" என்பார் ஒருவர். "ஆமா" என்பார் மற்றவர். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஆனால் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை வரட்டும், வருஷம் முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் ஊர் மண்டபத்துக்குக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். அமெரிக்காவில் வெர்மாண்ட் மலைப்பக்கத்து ஊர்களில் அன்றைக்கு ஊர்க்கூட்டம். ஓட்டு உள்ள அத்தனை பேரும் அன்றைக்குச் சட்டசபை உறுப்பினர்கள்தான். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதா, தீயணைப்பு வண்டியை மாற்றுவதா, எந்த ரோட்டில் பனி தள்ளுவது, எதை விட்டுவிடுவது, எல்லாவற்றையும் அங்கேயே எல்லார் முன்னாலும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் கலைவார்கள்.

அந்தக் கூட்டத்தை நடத்தும் தலைவி வின்னி டார்பெல். மற்ற நாட்களில் மாட்டுத் தீவனக் கடையில் கல்லாவில் உட்காருபவள். அறுபதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், மேடையில் நின்றால் கடைசி பெஞ்சில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள்கூட ஊசியை நிறுத்திக் கேட்கும் குரல். கூட்டத்தின் முதல் வேலையே அந்த வருஷத்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதுதான். பத்தொன்பது வருஷமாக வேறு பெயர் எழுந்ததில்லை.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கருத்து கிடையாது. இது ஊர் வழக்கம். யார் பேசலாம், யார் உட்கார வேண்டும், ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் வின்னி தீயணைப்பு வண்டிக்கு ஆதரவா எதிர்ப்பா என்பதுகூட ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

அன்று காலையில் அவள் தன் அண்ணன் ஓரினுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, அதுவும் ஒற்றை ஒற்றை வார்த்தையாக. அண்ணனும் தங்கையும் இருப்பது குன்றின் உச்சியில் இருக்கும் பழைய வீட்டில். அந்தக் குன்று ரோட்டில் வேறு வீடு கிடையாது. கீழே டவுனிலிருந்து கமீல் என்ற நர்ஸ் காரில் ஏறி வந்து அவருக்குக் கைகால் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவாள்.

இன்றைக்குக் கூட்டத்தில் வரும் ஆறாவது பொருள் அந்த ரோட்டைப் பற்றியது. குளிர்காலத்தில் குன்று ரோட்டில் இனி பனி தள்ள வேண்டாம் என்று கேட்டு மனு வந்திருக்கிறது. ஊர் என்ன சொல்கிறதோ அதன்படி நடக்கிறோம் என்று நிர்வாகக் குழு மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். பனி தள்ளாவிட்டால் நர்ஸ் வர முடியாது. நர்ஸ் வராவிட்டால் ஓரினைத் தூரத்து நகரத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட வேண்டியதுதான். இருவருக்கும் அது தெரியும். மூன்று மாதமாக அதைப் பற்றிப் பேசாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு... ஆல்டன்?" என்றார் ஓரின்.

"வருவார். வராம எங்க போவார்? மனு போட்டதே அவர்தானே."

ஓரின் இடது பக்கத்து உதட்டை மட்டும் இழுத்தார். அது அவருடைய சிரிப்பு. நல்லா இருந்த காலத்தில், ஒவ்வொரு ஊர்க்கூட்டம் முடிந்து வந்த ராத்திரியும் அவர் ஆல்டனைப் போல நடித்துக் காட்டுவார். இல்லாத மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, தொண்டையைக் கனைத்து, "தலைவரம்மா, ஒழுங்குப் பிரச்சனை" என்பார். வின்னி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

ஆல்டன் க்ரோவெல் பால் பண்ணைக்காரர். கூட்ட விதிப் புத்தகத்தைக் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பார். மாட்டுக்குத் தீவனம் வைத்தாரோ இல்லையோ, அதைப் படிக்காமல் தூங்க மாட்டார். கூட்டத்தில் யாராவது நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது விதி மீறல் என்று சொல்ல அவர் நாற்காலி கிரீச்சென்று நகரும். "தலைவரம்மா, ஒழுங்குப் பிரச்சனை." மண்டபம் மொத்தமும் "அய்யோ" என்று முனகும். திருத்தத்துக்குத் திருத்தம் கொண்டுவரலாமா, இவர் பேசி முடித்த பிறகு அவர் பேசலாமா என்று ஏதாவது ஒன்றை நோண்டி எடுப்பார் மனுஷன். வின்னி கேட்பாள், யோசிப்பாள், "உங்க ஆட்சேபணை செல்லாது, உக்காருங்க" என்பாள். அவரும் உட்காருவார். பத்தொன்பது வருஷமாக இதே கதை. மண்டபத்துக்குள் அவளை 'நீங்க' என்பவர், வாசலைத் தாண்டினதும் 'நீ' என்பார். தீவனக் கடையில் வந்து "வின்னி, உன் மூட்டையில கல்லு கிடக்கு" என்று சண்டை பிடிப்பார்.

காலையில் தலைவர் தேர்தல் வழக்கம்போல் முடிந்தது. ஐந்து பொருள்கள் சலசலப்பில்லாமல் நகர்ந்தன. பின்பக்கச் சமையல் அறையில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது, அந்த வாசனைக்கே பாதிப் பேர் சீக்கிரம் சீக்கிரம் என்று கை தூக்கினார்கள். ஆறாவது வந்தது. வின்னி மேப்பிள் மரச் சுத்தியலை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இது என் வீட்டு ரோடு. எல்லாருக்கும் தெரியும். இந்த ஒரு பொருளுக்கு மட்டும் வேற யாரையாவது தலைவராப் போட்டுக்கங்க, நான் கீழ இறங்கிடறேன்."

ஆல்டன் எழுந்தார்.

"தலைவரம்மா, பத்தொன்பது வருஷமா என்னை உக்கார வெச்சிருக்கீங்க. ஒரு தடவைகூட ஆளைப் பாத்து உக்கார வெச்சதில்லை. இன்னிக்கு வேற யாராவது வந்து உக்கார வெச்சா எனக்குக் கோவம் வரும். நீங்களே இருங்க."

"ஆமா, இருங்க" என்றது கூட்டம். வேறென்ன செய்வாள்? உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வாயும் பூட்டிக்கொண்டது.

ஆல்டன் தன் மனுவைப் பற்றிப் பேசினார். சும்மா சொல்லக்கூடாது, நியாயமாகத்தான் பேசினார்.

"ஊர்ல பனி தள்ள இருந்தது ரெண்டு வண்டி, ரெண்டு டிரைவர். இப்ப ஒரே டிரைவர்தான். வண்டி நிறுத்தற கொட்டகை குன்று அடிவாரத்துல இருக்கறதால வண்டி முதல்ல குன்று ஏறிட்டு வருது. அது இறங்கற வரைக்கும் கீழ் ரோட்டுல முப்பது வீடு காத்துக் கிடக்கு. பள்ளிக்கூட பஸ்ஸும் அந்த ரோட்டுலதான் வருது. ஒரு வீட்டுக்காக முப்பது வீடு. இதுல எனக்கு யார் மேலயும் பகை இல்லை. கணக்கு இடிக்குது, அவ்வளவுதான்."

அடுத்து ஜோசி பெல்லரோஸ் எழுந்தாள். கீழ் ரோட்டில் இருப்பவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "ஜனவரியில பஸ் வழுக்கிப் பள்ளத்துல சாஞ்சுது. என் பிள்ளைங்க ரெண்டும் உள்ள. ஒண்ணும் ஆகலை. ஆனா இப்பவும் காலைல ஏழு மணிக்கு பஸ் ஏத்திவிட்டுட்டு, போய்ச் சேர்ந்தாச்சுன்னு சேதி வர்ற வரைக்கும் எனக்குக் காபி இறங்கறதில்லை. டார்பெல் வீட்டு மேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. ஆனா நான் ஆம்னுதான் சொல்லப் போறேன்."

ஏழு மணி. அந்த வார்த்தை வின்னியைப் பிடித்து உலுக்கியது. நர்ஸ் கமீல் வருவது பத்து மணிக்கு மேல். வண்டி முதலில் குன்று ஏற வேண்டிய அவசியமே இல்லையே. கீழ் ரோட்டை முடித்துவிட்டு, பஸ் போன பிறகு, ஆற அமர மேலே வந்தால் போதுமே. இத்தனை சண்டைக்கும் ஒரு வரியில் முடிவு. அந்த வரி அவள் நாக்கு நுனியில் இருக்கிறது, சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் யாரிடமாவது பேசியிருந்தால் எப்போதோ வெளியே வந்திருக்கும். கூட்டத்துக்கு முன்னால் ஆள் பிடித்துப் பேசுவது தலைவருக்கு அழகில்லை என்று வீம்பாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள் மகராசி. இப்போது இறங்கிப் பேசலாமா? ஊர் உட்காரச் சொல்லி உட்கார்ந்தாயிற்று. தனக்கு ஆதாயம் தெரிந்த நிமிஷத்தில் நாற்காலியை விட்டு இறங்கினால் அதற்குப் பெயர் என்ன? அவள் சுத்தியலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய பள்ளித் தோழி மேபெல் எழுந்தாள். எழும்போதே கண் கலங்கியிருந்தது. "வின்னி இந்த ஊருக்கு எவ்வளவு செஞ்சிருக்கா, அவளுக்குப் போய் நாம..."

டக். சுத்தியல் விழுந்தது.

"ஆளைப் பத்திப் பேசக்கூடாது. ரோட்டைப் பத்திப் பேசுங்க."

"நான் உனக்காகத்தான்டி பேசறேன்."

"தலைவரை டி போட்டுக் கூப்பிடறதும் விதியில இல்லை. உக்காருங்க."

கூட்டம் சிரித்தது. மேபெல் முகம் சிவந்து உட்கார்ந்தாள். தனக்காகப் பேச வந்த ஒரே ஒருத்தியையும் வாயடைத்துவிட்டோமே என்று வின்னிக்குத் தோன்றியது. ஆனாலும் அதே சுத்தியல் ஆல்டன் மீது எத்தனை தடவை விழுந்திருக்கிறது. மேபெலுக்கு மட்டும் பஞ்சுச் சுத்தியலா?

கடைசியாக லூசியன் எழுந்தார், மரம் அறுக்கும் ஆலைக்காரர். ஊரிலேயே குறைவாகப் பேசுகிறவர் என்று பெயர் எடுத்தவர், அந்த ஊரில் அதற்கு எவ்வளவு போட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"ரோடுன்னா கடைசி வீடு வரைக்கும் போகணும். பாதியில நின்னா அது ரோடு இல்லை. இன்னிக்குக் குன்று. நாளைக்கு என் ஆத்தோர வீடு. அப்புறம் ஆல்டன் பண்ணை."

கிரீச். "தலைவரம்மா, ஒழுங்குப் பிரச்சனை. என் பண்ணை இந்தப் பொருள்ல இல்லை."

"அய்யோ" என்றது மண்டபம்.

வின்னி யோசித்தாள். லூசியன் பேசுவது தன் பக்கத்துக்குச் சாதகம் என்பதாலேயே இரண்டு மடங்கு யோசித்தாள். "ரோட்டைப் பத்தித்தான் பேசறார். உங்க ஆட்சேபணை செல்லாது. உக்காருங்க." ஆல்டன் உட்கார்ந்தார். லூசியன் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார். வருஷத்துக்கு உண்டான பேச்சை அவர் பேசி முடித்துவிட்டார்.

இனி ஓட்டு. ஹார்லோவில் முதலில் குரல் ஓட்டுதான். ஏற்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆம் என்று கத்த வேண்டும், மறுப்பவர்கள் இல்லை என்று கத்த வேண்டும். எந்தக் குரல் பெரிது என்று தலைவர் காதால் அளந்து சொல்லுவார். தலைவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் ஒரு வழி உண்டு. சொன்ன உடனே, அடுத்த பொருளுக்குச் சுத்தியல் விழுவதற்குள், ஓட்டுள்ள யாராவது ஒரே ஒருவர் எழுந்து "எண்ணணும்" என்று சொன்னால் போதும், ஆள் ஆளாக எண்ண வேண்டும். வின்னியின் காதின் மேல் இருந்த நம்பிக்கையில் அந்த வார்த்தையை யாரும் சொல்லி வருஷக் கணக்காகிறது.

"குன்று ரோட்டுல பனி தள்ளறதை நிறுத்தலாம்ங்கறவங்க, ஆம்னு சொல்லுங்க."

"ஆம்." ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"வேண்டாம்ங்கறவங்க, இல்லைன்னு சொல்லுங்க."

"இல்லை."

வின்னி கேட்டாள். 'இல்லை'தான் பெரிதாக இருந்தது. அகலமாக, நாலு மூலையிலிருந்தும் வந்தது. அவள் மனசு ஜில்லென்று குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியே அவளைப் பயமுறுத்திவிட்டது. நிஜமாகவே பெரிதாகக் கேட்டதா, இல்லை கேட்க வேண்டும் என்று தவித்த காதுக்கு அப்படிக் கேட்டதா? ஓரினின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. தன் அண்ணனுக்காக ஒரு ஓட்டைத் திருப்பிவிட்டாள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் தன் பக்கம் சாயக்கூடாது. ஆனால் எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் அதுவும் சாய்வுதானே? அந்த நேரத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை. நேர்மை முற்றிப்போய் நிதானம் தவறிவிட்டது பாவம்.

"ஆம்ங்கறவங்க பக்கமே அதிகம்" என்றாள்.

மேபெல் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னல் ஊசிகள் நின்றன. பலரும் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் ஒருத்தரும் எழவில்லை. வின்னி தப்பாகச் சொல்லுவாளா? அவளே தனக்கு எதிராகச் சொல்லும்போது, நீ தப்பு என்று எப்படிச் சொல்வது? ஊமைகள் ஊர் இது. மரியாதையில் ஊமையாகிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வின்னி சுத்தியலைத் தூக்கினாள். அது விழுந்தால் ஏழாவது பொருள். ஓரினுக்குப் பெட்டி கட்ட வேண்டும், எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்றுகூட அவள் மனசு ஓடத் தொடங்கிவிட்டது.

கிரீச்.

இந்தத் தடவை யாரும் முனகவில்லை.

"தலைவரம்மா," என்றார் ஆல்டன். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். "எண்ணணும்."

வின்னிக்குப் புரியவில்லை. "ஆல்டன், உங்க பக்கம்தான் ஜெயிச்சிருக்கு."

"தெரியும். எண்ணணும்."

"யோவ், ஜெயிச்சுட்டியே, உக்காரேன்யா" என்று பக்கத்துப் பெஞ்சிலிருந்து அவருடைய சொந்த மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

ஆல்டன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "நான் ஜெயிச்சேனா இல்லையான்னு எண்ணினாத்தானே தெரியும். என் காது ரெண்டும் நல்லாத்தான் கேக்குது. விதிப்படி ஒருத்தர் கேட்டாப் போதும். கேட்டாச்சு." அவர் புத்தகத்தை வெளியே எடுக்கக்கூட இல்லை.

வின்னி தூக்கிய சுத்தியலை மெல்லக் கீழே வைத்தாள். "எண்ணச் சொல்லிக் கேட்டிருக்கார். ஆம்ங்கறவங்க ஜன்னல் பக்கம் போங்க. இல்லைங்கறவங்க கணப்பு அடுப்புப் பக்கம்."

நாற்காலிகள் நகர்ந்தன, பூட்ஸ்கள் தடதடத்தன. ஆல்டன் விறுவிறுவென்று ஜன்னல் பக்கம் போய் முதல் ஆளாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எண்ணச் சொன்னவர் மனசு மாறிவிட்டார் என்று யாராவது நினைத்திருந்தால் அந்த நினைப்பு அங்கேயே முடிந்தது. ஜோசி அவர் பக்கத்தில் நின்றாள். அடுப்புப் பக்கம் ஆட்கள் சேர்ந்து சேர்ந்து சுவர் வரைக்கும் போனார்கள். எழுத்தர் டெலியா இரண்டு தடவை எண்ணி மேஜைக்கு வந்து சொன்னாள்.

வின்னி படித்தாள். "ஆம், ஐம்பத்தெட்டு. இல்லை, எழுபத்தொண்ணு. மனு தோத்தது. தலைவரா நான் முதல்ல தப்பாச் சொல்லிட்டேன். ஊர் மன்னிக்கணும்."

கைதட்டல் எழுந்தது. ஆல்டன் ஜன்னல் பக்கம் நின்றபடியே கையைத் தூக்கினார். "தலைவரம்மா, ஒழுங்குப் பிரச்சனை. கூட்டத்துல கை தட்டக்கூடாது."

"அய்யோ" என்றார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

மதியச் சாப்பாடு. பீன்ஸ், பழுப்பு ரொட்டி, பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் நாலு வகை. வின்னி தட்டோடு போய் ஆல்டன் எதிரில் உட்கார்ந்தாள். அவர் ஆப்பிள் பையை மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் இருவரும் பேசவில்லை. அந்த ஊரில் அது பெரிய பேச்சு.

"ஏன் அப்படிப் பண்ணினீங்க?" என்றாள். நாக்கில் 'நீங்க' ஒட்டிக்கொண்டிருந்தது.

"இங்க என்ன நீங்க? சாப்பாட்டு மேஜைக்கு வந்தாச்சு."

"சரி. ஏன் பண்ணினே? தோத்துட்டியே."

ஆல்டன் முள்கரண்டியை வைத்தார். "வின்னி, பத்தொன்பது வருஷமா எனக்கு எதிராவே சொல்லியிருக்கே. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பாப்பேன். ஒவ்வொரு தடவையும் நீ சொன்னதுதான் சரியா இருக்கும். எரிச்சல் எரிச்சலா வரும். இன்னிக்கு முதல் தடவையா எனக்குச் சாதகமாச் சொன்னே. அப்பவே தெரிஞ்சுபோச்சு, எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு."

வின்னிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. துடைக்கும் காகிதத்தால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். இப்படிப்பட்ட மனுஷனையா இத்தனை வருஷம் தொல்லை என்று நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. தொல்லைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தொல்லை இல்லாத ஊரில் இன்றைக்கு அவள் அண்ணனுக்கு வீடு இருந்திருக்காது.

"அடுத்த வருஷமும் மனு போடுவேன்" என்றார் ஆல்டன். "பஸ் விஷயம் அப்படியே நிக்குதே."

"நர்ஸ் பத்து மணிக்கு மேலதான் வர்றா. வண்டி கீழ் ரோட்டை முடிச்சுட்டு மேல வந்தாப் போதும்."

ஆல்டன் அவளையே பார்த்தார். பக்கத்து மேஜையில் இருந்த ஜோசியும் திரும்பிவிட்டாள். நிர்வாகக் குழுவில் ஒருவர் ரொட்டியை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார். "அவ்வளவுதானா? நாளைக்கே டிரைவர்கிட்ட சொல்லிடறேனே" என்றார் அவர்.

"இதை ஏன் மேடையில சொல்லலை?" என்றார் ஆல்டன்.

"அந்த நாற்காலியில உக்காந்தா வாய் கிடையாது. நீதானே உக்காரச் சொன்னே."

"அதுவும் சரிதான்" என்றார் அவர். பை மீதி இருந்த தட்டை அவள் பக்கம் தள்ளினார். "ஓரினுக்கு எடுத்துட்டுப் போ."

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வின்னி குன்று ஏறினாள். இரண்டு பக்கமும் தள்ளி வைத்த பனி இடுப்பு உயரத்துக்கு இருந்தது. ஓரின் ஜன்னலோரம் உட்கார்ந்து கார் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"ரோடு... போச்சா?"

"இல்லை. இருக்கு. நீ எங்கயும் போக வேண்டாம்."

அவர் கண் நிறைந்தது. "யாரு?"

"ஆல்டன்."

ஓரின் நம்பாமல் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் இடது கையை மெதுவாகத் தூக்கினார். இல்லாத மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். தொண்டையைக் கனைத்தார்.

"தலைவரம்மா" என்றார், ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து நிறுத்தி. "ஒழுங்கு... ஒழுங்கு..."

மீதி வரவில்லை. வின்னி காத்திருந்தாள். பிறகு இருவருமாகச் சேர்ந்து அதைச் சொல்லி முடித்தார்கள்.